வீணாகும் வெப்பத்துக்கு ஒரு வீடு

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் பிம்லிகோ என்றொரு பகுதி இருக்கிறது. அங்குள்ள சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்பில், அடுக்குமாடிகளுக்கு இடையே கண்ணாடி போர்த்திய கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 41 மீட்டர். மணிக்கூண்டு என்று நினைத்து அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கடிகாரம் எதுவும் தென்படாது. உள்ளே இருப்பது வெந்நீர். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி அது.

1950இல் இந்த ஏற்பாடு தொடங்கியபோது, அந்த வெந்நீருக்காகப் பிம்லிகோவில் தனியாக நிலக்கரி எரிக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளால் உலகம் அறிந்த பாட்டர்ஸி அனல்மின் நிலையம் எதிர்க்கரையில்தான் இருந்தது. மின்சாரம் எடுத்தது போக மிஞ்சிய வெப்பம், ஆற்றுக்கு அடியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சுரங்கத்தின் வழியே குழாய்களில் இக்கரைக்கு வந்தது. மின்நிலையத்தில் வெப்பம் மிஞ்சும் நேரமும், வீடுகளில் குளிர் காய வெந்நீர் தேவைப்படும் நேரமும் ஒன்றாக அமைவதில்லை. அதனால்தான் அந்தக் கோபுரம். கிடைக்கும்போது நிரப்பிக்கொள்ளும், கேட்கும்போது கொடுக்கும்.

போர் முடிந்து, குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்குப் பதிலாகப் புதிய குடியிருப்புகளை லண்டன் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பவல், மோயா என்ற இரு இளம் கட்டடக் கலைஞர்கள் வரைந்த இந்த வளாகத்தில் வீட்டுக்கு வீடு கரியடுப்பு இல்லை. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி லண்டனைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் உயிரை வாங்கியது. அந்தப் புகையில் பெரும்பங்கு வீட்டுக் கரியடுப்புகளிலிருந்து வந்தது என்பதை நினைத்தால், புகைபோக்கி தேவைப்படாத ஒரு குடியிருப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

பாட்டர்ஸி 1983இல் மூடப்பட்டது. பிம்லிகோவின் குழாய்கள் மூடப்படவில்லை. வளாகத்துக்குள்ளேயே எரிவாயு இயந்திரங்களும் கொதிகலன்களும் வந்தன. இன்று 3,000க்கும் அதிகமான வீடுகளுக்கும், கடைகளுக்கும், பள்ளிகளுக்கும் அந்த ஏற்பாட்டிலிருந்தே வெப்பம் போகிறது.

ஒரே எரிபொருளை எரித்து மின்சாரத்தையும், பயன்படும் வெப்பத்தையும் சேர்த்தே எடுப்பதற்கு இணை மின் உற்பத்தி என்று பெயர். நம் சர்க்கரை ஆலைகளில் ‘கோஜென்’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். கரும்புச் சக்கையை எரித்து நீராவி உண்டாக்கி, அதில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்து, டர்பைனைத் தாண்டி வரும் நீராவியில் கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். விறகடுப்புக் காலத்து வீடுகளில் கொடியடுப்பு என்று ஒன்று இருந்தது. தாயடுப்பில் சோறு வேகும். அங்கிருந்து பக்கவாட்டில் போகும் சூட்டில், தனி விறகு இல்லாமலே கொடியடுப்பில் குழம்போ வெந்நீரோ காய்ந்துகொண்டிருக்கும். தத்துவம் அவ்வளவுதான். அதை ஒரு மருத்துவமனைக்கோ, ஹோட்டலுக்கோ, ஒரு நகரத்துக்கோ செய்து காட்டும்போது எரிபொருள் கணக்கே மாறிவிடுகிறது.

எவ்வளவு வீணாகிறது என்பதை முதலில் பார்க்கலாம். நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையம், எரிபொருளில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. நவீன நிலையமாக இருந்தால் 40 சதவீதத்தையும் தாண்டும். மீதி வெப்பமாக வெளியேறுகிறது. மேட்டூரிலும் நெய்வேலியிலும் பெரிய குளிர்விப்புக் கோபுரங்களின் உச்சியில் எழும்பும் வெண்புகை உண்மையில் நீராவி. நாம் காசு கொடுத்து எரித்த நிலக்கரியின் சூடு அதில்தான் வானத்துக்குப் போகிறது. கடலோர நிலையங்களில் அதே சூடு தண்ணீரில் கலக்கிறது. அனல்மின் நிலையத்திலிருந்து வரும் வெந்நீரால் எண்ணூர் முகத்துவாரத்தில் மீன்பாடு கெட்டதை அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இதைப் பொறியாளர்களின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. வெப்பத்தை முழுவதுமாக வேலையாக மாற்ற எந்த இயந்திரத்தாலும் முடியாது என்பதை 1824இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ காட்டிவிட்டார். ஒரு பகுதி வெளியேறித்தான் ஆக வேண்டும். வெளியேறும் அந்தப் பகுதிக்கு அருகில் ஒரு வேலை காத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மின்நிலையத்தின் கழிவு வெப்பம் இலவசம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மின்சாரத்தை மட்டுமே குறிவைத்து ஓடும் நிலையத்தில் கடைசியாக வெளியேறும் தண்ணீர் வெதுவெதுப்பாக, சுமார் 35, 40 டிகிரியில்தான் இருக்கும். அதைக் குழாயில் அனுப்பி ஒரு வீட்டைக் கதகதப்பாக்க முடியாது. 80, 90 டிகிரி வெந்நீர் வேண்டுமென்றால், நீராவியை டர்பைனிலிருந்து சற்று முன்னதாகவே வெளியே எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் மின்சாரம் கொஞ்சம் குறையும். ஆனால் இழக்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் ஐந்து, ஆறு, ஏழு யூனிட் வெப்பம் வரை கிடைக்கும். இலவசம் இல்லை, மிக மலிவு.

கட்டட அளவில் கணக்கு இன்னும் எளிது. ஒரு மருத்துவமனையின் பின்புறத்தில் எரிவாயு இயந்திரம் ஒன்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் எரிவாயுவின் ஆற்றல் 100 பங்கு என்றால், 35 பங்கு மின்சாரமாகவும் 50 பங்கு பயன்படும் வெப்பமாகவும் வரும். 15 பங்கு வீணாகும். அதே 35 பங்கு மின்சாரத்தைத் தொலைவிலுள்ள அனல்மின் நிலையத்திலிருந்து வாங்கினால், அங்கே 100 பங்கு எரிபொருள் எரிய வேண்டும். 50 பங்கு வெப்பத்துக்காகத் தனியே ஒரு நல்ல கொதிகலனை ஓட்டினால் அதற்கு இன்னொரு 55 பங்கு. ஆக, 155 பங்கில் நடக்கும் வேலை 100 பங்கில் முடிகிறது. மின்கம்பி வழியில் ஏற்படும் இழப்பை இதில் சேர்க்கவே இல்லை.

ஒப்பிடும் மின்நிலையம் திறன் மிக்கதாக இருந்தால் மிச்சம் குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். எரிவாயுவில் ஓடும் நவீன கூட்டுச் சுழற்சி நிலையங்கள் 50 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக்குகின்றன. அதோடு ஒப்பிட்டால் 155 என்பது 125 பங்காகிவிடும். அப்போதும் ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம்.

இவ்வளவு லாபமான காரியம் ஏன் எல்லா ஊரிலும் நடக்கவில்லை? மின்சாரம் பிறந்த காலத்தில் மின்நிலையங்கள் நகரத்துக்கு நடுவில்தான் இருந்தன. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் 1882 முதல் தெருவுக்கு அடியில் குழாய்களில் நீராவி ஓடுகிறது. இன்றும் எம்பயர் ஸ்டேட் கட்டடம் உட்பட நூற்றுக்கணக்கான கட்டடங்கள் அந்த நீராவியை வாங்குகின்றன. பிறகு நிலையங்கள் பெரிதாகப் பெரிதாக, நிலக்கரியும் குளிர்விக்கத் தண்ணீரும் கிடைக்கும் இடங்களைத் தேடி ஊருக்கு வெளியே போயின. மின்சாரம் கம்பியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். வெந்நீர் அவ்வளவு தூரம் போகாது. மனிதர்கள் வாழும் இடத்தை விட்டு மின்நிலையம் விலகிய அன்று, மிஞ்சும் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனது.

அந்த விலகலை மறுத்த நாடு டென்மார்க்.

அங்கே கதை குப்பையில் தொடங்குகிறது. கோபன்ஹேகன் நகரத்தால் சுற்றிலும் சூழப்பட்ட தனி நகராட்சி ஃப்ரெடெரிக்ஸ்பெர்க். குப்பை கொட்ட நிலமில்லை. 1903இல் ஒரு குப்பை எரி உலையைக் கட்டினார்கள். அதில் கிடைத்த வெப்பத்தைக் குழாய் போட்டு உள்ளூர் மருத்துவமனைக்கும், குழந்தைகள் காப்பகத்துக்கும், ஏழைகள் விடுதிக்கும் கொடுத்தார்கள். மின்சாரமும் எடுத்தார்கள். ஒரு நகராட்சி தன் குப்பையை வைத்து நோயாளிகளையும் ஏழைகளையும் குளிரிலிருந்து காத்த அந்தத் தொடக்கம், பொறியியல் சாதனை என்பதைக் காட்டிலும் நல்லாட்சிக்கு உதாரணமாகச் சொல்லத் தக்கது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தன் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அந்த அடி டேனிஷ் அரசியலை மாற்றியது. 1979இல் வெப்ப விநியோகச் சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்குக் குழாய் வழி வெப்பம், எந்தப் பகுதிக்கு எரிவாயு என்று நகராட்சிகள் வரைபடம் போட்டுத் திட்டமிட வேண்டும்; குழாய் வரும் பகுதியில் உள்ள கட்டடங்களை அதில் இணையக் கட்டாயப்படுத்தலாம்; வெப்ப நிறுவனங்கள் லாபம் வைத்து விற்கக் கூடாது. 1988இல் புதிய கட்டடங்களில் மின்சார ஹீட்டர் மூலம் அறைகளைச் சூடாக்குவதற்கே தடை வந்தது. உயர்தர ஆற்றலான மின்சாரத்தை, அறையை 21 டிகிரிக்குச் சூடாக்கும் எளிய வேலைக்கு எரிப்பது வீண் என்பது அவர்கள் வாதம்.

இன்று டேனிஷ் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் குழாய் வழியே வெப்பம் வருகிறது. கோபன்ஹேகனில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டடங்களுக்கும். நகரின் தெற்கே உள்ள அவெடோர மின்நிலையத்தின் இரண்டாம் அலகு 2001இல் ஓடத் தொடங்கியது. மரத்தூள் உருண்டைகளையும் வைக்கோலையும் எரிக்கும் அந்த அலகு, மின்சாரமும் வெப்பமும் சேர்த்துக் கணக்கிட்டால் எரிபொருளின் ஆற்றலில் 94 சதவீதம் வரை பயன்படுத்துகிறது. நகருக்குள் இருக்கும் அமாகர் பக்கே குப்பை எரி நிலையத்தின் கூரையைச் சரிவாகக் கட்டிப் பனிச்சறுக்கு மைதானம் ஆக்கிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வருபவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கீழே புறப்படும் குழாய்களை.

அந்தக் குழாய் எஃகால் ஆனது. அதைச் சுற்றி நுரை. நுரையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை. தொழிற்சாலையிலேயே மூன்றும் ஒன்றாக்கப்பட்டு வருகிறது. எப்போதும் இரண்டிரண்டாகத்தான் புதைப்பார்கள்: ஒன்று சூட்டைக் கொண்டுபோக, ஒன்று ஆறிய தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவர. வீட்டின் அடித்தளத்தில் ஒரு சிறிய தகட்டு வெப்பமாற்றி மாட்டியிருக்கும். குழாய்த் தண்ணீர் அதன் ஒரு பக்கம் பாய, வீட்டுத் தண்ணீர் மறுபக்கம் பாய, சூடு மட்டும் கைமாறும். மீட்டர் வெப்பத்தைக் கணக்கிடும். திரும்பி வரும் தண்ணீர் நன்றாக ஆறியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். சூட்டோடு திருப்பி அனுப்பும் வாடிக்கையாளருக்குக் கட்டணம் கூடும். நன்றாக ஆறவைத்து அனுப்பினால் தள்ளுபடி உண்டு. எடுத்த வெப்பத்தை முழுவதும் பயன்படுத்தும் பொறுப்பை வீட்டுக்காரரின் பில்லிலேயே எழுதிவைத்த இந்த ஏற்பாடு ஒன்றுக்காகவே டென்மார்க்கைப் பாராட்டலாம்.

டென்மார்க் இதோடு நின்றுவிடவும் இல்லை. அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைக் காற்றாலைகள் தரும் நிலை வந்த பிறகு, எரித்து மின்சாரம் எடுக்கும் தேவையே குறைகிறது. எரி உலைகள் தள்ளி நிற்க, அதே குழாய்களுக்குள் வேறு வெப்பம் ஏறுகிறது. எஸ்பியர் துறைமுக நகரில் நிலக்கரி நிலையத்துக்குப் பதில், கடல்நீரிலிருந்து சூட்டை உறிஞ்சும் பிரம்மாண்டமான வெப்பப் பம்புகள். ஓடென்சேயில் ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர் வெளியேற்றும் சூடு வீடுகளுக்குப் போகிறது. குழாய் போட்டவர்களுக்கு எரிபொருளை மாற்றுவது எளிதாகிறது.

நாடு முழுக்கக் குழாய் பதிக்க எல்லோராலும் முடியாது. ஒரு வளாகம், ஒரு கட்டடம் என்ற அளவில் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2012 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயல் ஒரு பெரிய சோதனை வைத்தது. மன்ஹாட்டனின் கிழக்கு 13ஆம் தெரு துணை மின்நிலையம் கடல்நீர் புகுந்து வெடிக்க, தீவின் தென்பகுதி இருண்டது. அந்த இருட்டுக்கு நடுவே நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாஷிங்டன் சதுக்க வளாகத்தில் பல கட்டடங்களில் விளக்கு எரிந்தது, வெந்நீர் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பல்கலைக்கழகம் எண்ணெயில் ஓடிய தன் பழைய இணை மின் நிலையத்தை விட்டு, எரிவாயுவில் ஓடும் புதிய நிலையத்துக்கு மாறியிருந்தது. பிராங்க்ஸ் பகுதியில் 35 உயர் கோபுரங்களும் பதினைந்தாயிரம் குடியிருப்புகளும் கொண்ட கோ-ஆப் சிட்டி, தன் சொந்த 40 மெகாவாட் நிலையத்தின் பலத்தில் இயல்பாக இருந்தது. லாங் ஐலண்டில் சவுத் ஓக்ஸ் மருத்துவமனை, பொது மின்கட்டமைப்பிலிருந்து பிரிந்து சுமார் இரண்டு வாரம் சொந்த இயந்திரங்களிலேயே ஓடியது.

அதே புயலில் மன்ஹாட்டனின் பெல்வ்யூ மருத்துவமனையில் நடந்தது வேறு. அவசர ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் நிலவறையில் இருந்தன. நிலவறையில் வெள்ளம் புகுந்தது. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். கடைசியில் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. எப்போதாவது மட்டும் ஓடும் இயந்திரத்துக்கும் தினமும் ஓடும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இப்படிப்பட்ட இரவுகளில்தான் தெரியும். தினமும் ஓடுவதில் பழுது இருந்தால் சாதாரண நாளிலேயே கண்ணில் பட்டுவிடும்.

இணை மின் நிலையம் வைத்தாலே புயலில் விளக்கு எரியும் என்றும் எண்ணிவிடக் கூடாது. மின்கட்டமைப்பு விழுந்தால் பிரிந்து நின்று தனியே ஓடவும், அணைந்தால் வெளி மின்சாரம் இல்லாமலே மறுபடி கிளம்பவும் வசதி செய்திருக்க வேண்டும். அது தனிச் செலவு. இயந்திரம் எங்கே வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைக்கு நிலவறையின் ஆபத்தைப் பாடமெடுக்க வேண்டியதில்லை.

ஜப்பான் இதை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோனது. 2009 முதல் ‘எனெ-ஃபார்ம்’ என்ற பெயரில் விற்கப்படும் எரிபொருள் கலம் (ஃப்யூயல் செல்), பீரோ அளவில் வீட்டுச் சுவரோரம் நின்று, குழாய் எரிவாயுவிலிருந்து முக்கால் கிலோவாட் அளவுக்கு மின்சாரம் எடுத்து, கூடவே குளியல் தொட்டிக்கு வெந்நீரும் தருகிறது. நான்கு லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. தினமும் தொட்டி நிறைய வெந்நீரில் குளிக்கும் பழக்கம் உள்ள நாடு அது. வெப்பத்துக்கு நிரந்தர வேலை இருக்கிறது. டோக்கியோவின் ரோப்போங்கி ஹில்ஸ் வளாகமோ தனக்கென்று எரிவாயு மின்நிலையத்தையே அடியில் வைத்திருக்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோ மின்சாரத்துக்குத் தவித்தபோது, அந்த வளாகம் பகலில் 4,000 கிலோவாட் வரை மின் நிறுவனத்துக்கே கொடுத்து உதவியது.

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை, சித்திரை வெயிலில் வேகும் நமக்கு வெப்பம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வெப்பத்திலிருந்து குளிர் எடுக்கலாம். 1859இலேயே ஃபெர்டினாண்ட் காரே என்ற பிரெஞ்சுக்காரர், நெருப்பை வைத்துப் பனிக்கட்டி உண்டாக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பெரிய கட்டடங்களில் பயன்படும் ‘அப்சார்ப்ஷன் சில்லர்’ அதன் வழித்தோன்றல். எஃகுக் கலத்திலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த வெற்றிடத்தில் தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஆவியாகத் தேவையான சூட்டை, பக்கத்துக் குழாயில் ஓடும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும்; அந்தத் தண்ணீர் 7 டிகிரிக்குக் குளிர்ந்து ஏ.சி.க்குப் போகும். உண்டான ஆவியை லித்தியம் புரோமைடு என்ற உப்புக் கரைசல் ஆசையோடு குடித்துவிடும். குடித்து நீர்த்துப்போன கரைசலை மறுபடி காய்ச்சி வற்றவைத்தால் திரும்பவும் பயன்படுத்தலாம். காய்ச்சுவதற்குத்தான் இயந்திரத்தின் கழிவு வெப்பம். கம்ப்ரசர் கிடையாது, சில பம்புகளுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம். மின்சாரம், வெப்பம், குளிர் மூன்றும் ஒரே எரிபொருளில் கிடைப்பதால் இதை முக்கூட்டு உற்பத்தி என்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி உண்டு. டெல்லி எய்ம்ஸின் ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்து சிகிச்சை மையத்தில், இந்திய–ஜெர்மன் கூட்டு முயற்சியாக எரிவாயு இயந்திரமும் அப்சார்ப்ஷன் சில்லரும் அமைத்து முன்னோடித் திட்டம் நடத்தப்பட்டது. குருகிராமின் சைபர் சிட்டியில் அலுவலகக் கோபுரங்களுக்கு எரிவாயுவில் மின்சாரம் எடுத்து, அதன் கழிவு வெப்பத்தில் குளிர்விக்கும் ஏற்பாடு வணிக அளவிலேயே வந்தது.

ஆனால் நம் தட்பவெப்பத்தில் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். முன்பு பார்த்த 50 பங்கு வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். அதை வெந்நீராகவே பயன்படுத்தினால், கொதிகலனில் எரிய வேண்டிய 55 பங்கு எரிபொருள் மிச்சம். அதையே சாதாரண அப்சார்ப்ஷன் சில்லரில் விட்டால் 35 பங்கு குளிர்ச்சி கிடைக்கும். ஒரு நல்ல மின்சார சில்லர் அந்த 35 பங்கு குளிர்ச்சியை வெறும் 7 பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். அந்த 7 பங்கு மின்சாரத்துக்கு அனல்மின் நிலையத்தில் எரிய வேண்டியது 20 பங்கு எரிபொருள்தான். அதாவது, வெந்நீருக்குப் பயன்படுத்துவதில் உள்ள லாபத்தில் பாதிகூடக் குளிர்விப்பதில் இல்லை. வெப்பத்தை இருமுறை பயன்படுத்தும் உயர்ரகச் சில்லர்களில் இது கூடும். ஆனாலும் வரிசை மாறாது: முதலில் வெந்நீர், நீராவி, மிஞ்சினால் ஏ.சி.

இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் எந்தக் கட்டடத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது தானாகத் தெரியும். பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்துக்கு வெந்நீரே வேண்டாம். அங்கே கூரையில் சூரியத் தகடு போடுவது மேல். கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த நாளில் மட்டும் தேவை. இயந்திரம் மற்ற நாளெல்லாம் தூங்கும். இரவு பகல் பாராமல் ஓடும் பெரிய மருத்துவமனை அப்படியல்ல. கருவிகளைக் கிருமி நீக்க நீராவி, சலவைக் கூடத்துக்கு நீராவி, சமையலறைக்கு நீராவி, வார்டுகளுக்கு வெந்நீர், அறுவை அரங்குக்கு நாள் முழுக்கக் குளிர் என எல்லாமே அங்கே இருக்கின்றன. பெரிய நட்சத்திர ஹோட்டலும் அப்படியே. இன்று இவற்றில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கம்பியிலிருந்து வாங்கி, வெந்நீருக்குத் தனிக் கொதிகலனில் டீசலோ எரிவாயுவோ எரித்து, மின்தடைக்கு ஒரு ஜெனரேட்டரை வாங்கி ஓரமாக நிறுத்தி வைத்திருக்கின்றன. ஒன்று செய்யக்கூடிய வேலைக்கு மூன்று.

தடைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எரிவாயு விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குகிறது. மின்கட்டணத்துக்கும் எரிவாயு விலைக்கும் இடையே போதிய இடைவெளி இல்லையென்றால் முதலீடு திரும்பாது. எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்த பிறகும், குழாய் எரிவாயு இன்னும் பல ஊர்களை எட்டவில்லை. இயந்திரத்தைப் பராமரிக்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எரிவாயுவும் கரிமத்தை வெளியிடும் எரிபொருள்தான். தமிழ்நாட்டின் காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் கம்பியில் பாயும் நண்பகலில் இயந்திரத்தை ஓட்டுவதில் நியாயம் குறைவு. சூரியன் சாய்ந்து தேவை உச்சத்துக்கு ஏறும் மாலையில் ஓட்டுவதில் நியாயம் அதிகம். பகலில் கம்பி மின்சாரத்தை வாங்கி மாலையில் இயந்திரத்தை ஓட்டுவதென்றால், மாலையில் மிஞ்சும் வெந்நீரை மறுநாளுக்குச் சேமிக்க ஒரு பெரிய தொட்டி அவசியம். சாண எரிவாயு, கழிவுநீர் எரிவாயு கிடைக்கும் இடங்களில் இந்தக் கரிமக் கவலையும் வெகுவாகக் குறையும்.

இந்தத் துறையில் தோற்ற திட்டங்களில் பலவற்றுக்கு ஒரே காரணம்தான்: தேவையை அளக்காமல் பெரிய இயந்திரம் வாங்கியது. ஆண்டில் மிகக் குறைவாக வெப்பம் தேவைப்படும் நாளில்கூட எவ்வளவு தேவை என்று பார்த்து, அந்த அடித்தேவைக்குத்தான் இயந்திரத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். உச்சத் தேவைக்குக் கொதிகலன் துணைக்கு இருக்கட்டும். வெப்பம் வேண்டாத நேரத்தில் ஓடும் இணை மின் இயந்திரம், திறன் குறைந்த சாதாரண ஜெனரேட்டர் மட்டுமே.

ஆகவே, புதிதாக மருத்துவமனையோ ஹோட்டலோ மாணவர் விடுதியோ கட்டத் திட்டமிடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொதிகலனுக்கு ஒருவர், ஜெனரேட்டருக்கு ஒருவர், ஏ.சி.க்கு ஒருவர் என்று தனித்தனியாக விலைப்புள்ளி வாங்குவதற்கு முன், மணிக்கு மணி எவ்வளவு வெந்நீர், எவ்வளவு நீராவி, எவ்வளவு குளிர், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்கை ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டடம் இருப்பவர்கள் கொதிகலனில் ஒரு வெப்ப மீட்டரை மாட்டி, ஓராண்டு எழுதி வையுங்கள். இணை மின் உற்பத்தி உங்களுக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.